சாலைக்கார வீட்டில் பத்து நாள்

அப்பாவின் வேலை நெருப்பைப் பார்ப்பது. பள்ளியில் யார் கேட்டாலும் அவள் அப்படித்தான் சொல்வாள். நெய்வேலி முதல் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பிரிவு. கொதிகலனின் பக்கத்தில் சின்னத் துவாரம் ஒன்று இருக்கும். நீலக் கண்ணாடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, மாவாக அரைத்து ஊதப்பட்ட பழுப்பு நிலக்கரி உள்ளே சீராக எரிகிறதா என்று அதன் வழியே பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் ஓயாது. வாசலில் நின்று தூரத்துப் புகைபோக்கியை அண்ணாந்து பார்ப்பார். "காத்து கொஞ்சம் கம்மியாப் போவுது, பொக கறுப்பா வருது பாரு" என்பார். பார்த்தால் அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

1977 மே மாதம் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். அப்பாவுக்கு சி ஷிப்ட். இரவில் பதினோரு வயதுப் பெண்ணைக் குவார்ட்டர்ஸில் தனியே விட முடியாது. அப்பாவுடன் அதே ஷிப்டில் வேலை பார்த்த ஒருவர், "எங்க வூட்ல வந்து பத்து நாள் இருக்கட்டும்யா, எங்கம்மா பாத்துக்கும்" என்றார். அவளுக்கு அவர் மாமா. எப்போதும் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. யூனிபார்முக்குள் நுழைவதும் வெளியே வருவதும் உடை மாற்றும் அறையில்தான். கேண்டீன் பக்கம் போகவே மாட்டார், தூக்குவாளியில் கொண்டுவந்த சோறுதான். ஆலையில் அவருக்குப் பட்டப்பெயர் 'சாமியார்'.

நெய்வேலி ஆர்ச் கேட்டில் கும்பகோணம் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வடலூர் நாற்சந்தி. அங்கிருந்து மேட்டுக்குப்பம் போகும் வழியில், முந்திரிக் காட்டுக்குள் ஒரு சிற்றூர். ஓட்டு வீடு, அகலத் திண்ணை, பக்கத்தில் மாட்டுக் கொட்டகை. ஊரில் அந்த வீட்டைச் 'சாலைக்கார வீடு' என்பார்கள். எந்தச் சாலை என்று அவள் கேட்கவில்லை, பஸ் போகும் சாலை என்றே நினைத்துக்கொண்டாள்.

அது வேறு சாலை. இராமலிங்க அடிகள், மக்கள் வள்ளலார் என்று அழைப்பவர், 1867 மே 23 அன்று, பிரபவ வருடம் வைகாசி 11இல், வடலூரில் தொடங்கிய சத்திய தருமச்சாலை. பசி என்று வந்தவர்களுக்குச் சாதி, மதம், ஊர், பேர் எதுவும் கேட்காமல் சோறு போடும் இடம். அதற்கு நிலம் கொடுத்தவர்கள் பக்கத்துப் பார்வதிபுரம் மக்கள், ஏறத்தாழ எண்பது காணி. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பது அவர் வழி நடக்கும் சன்மார்க்கிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் பெருமை. 21 அடி நீளமுள்ள அடுப்பு அது.

சமயம், சாதி, சடங்கு எல்லாவற்றையும் தாண்டி ஒரு வழியை வள்ளலார் வகுத்தார். 1865இல் அதற்குச் சன்மார்க்க சங்கம் கண்டார். எண்கோண வடிவில் அமைந்த சத்திய ஞானசபையில் 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று முதல் சோதி தரிசனம் நடந்தது. 1874 ஜனவரி 30 இரவு மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் ஓர் அறைக்குள் நுழைந்து தாழிட்டுக்கொண்டார். அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. அவர் வகுத்த வழியைக் கேட்டு வியந்தவர்கள் ஏராளம், வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் குறைவு. மாமாவின் குடும்பம் கொண்டுவந்த குடும்பம்.

முதல் நாள் விடியற்காலை நாலரைக்கே ஆயா எழுப்பிவிட்டது. மாமாவின் அம்மாவை அந்த வீட்டில் எல்லோரும் ஆயா என்றார்கள், தென்னார்க்காட்டில் பாட்டிக்கு அதுதான் பெயர். "எந்திரு பாப்பா, சூரியன் வந்து நம்மள எழுப்பக் கூடாது" என்று கையில் பச்சையாக எதையோ திணித்தது. கரிசலாங்கண்ணிப் பொடி. அதில்தான் பல் தேய்க்க வேண்டும். கோல்கேட்டின் இனிப்புக்குப் பழகிய வாய்க்கு அது கசந்து வழிந்தது. பிறகு ஒரு செம்பு வெந்நீர். மே மாத வெயிலில், வியர்வை ஊற்றும் ஊரில், குடிக்க வெந்நீர்!

அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. வள்ளலார் எழுதிவைத்த நித்திய கரும விதியில் எழுவது, பல் துலக்குவது, நடப்பது, உண்பது, உறங்குவது எல்லாவற்றுக்கும் குறிப்பு உண்டு. குடிப்பது வெந்நீர், படுப்பது இடது கைப்பக்கமாக. குழம்பில் புளியும் மிளகாயும் குறைவு, மிளகும் சீரகமும் தாராளம். தூதுவளை, முசுமுசுக்கை, கரிசலாங்கண்ணி வேலியோரத்திலேயே படர்ந்து கிடந்தன. ஆயாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் விளக்குக்கு முன் உட்கார்ந்து வள்ளலாரின் 1596 அடி அகவலையும் தட்டுத் தடங்கல் இல்லாமல் சொல்லும். அது பாதியைத் தாண்டும்போது கொட்டகையில் மாடு கத்த ஆரம்பிக்கும். ஆயா குரலை நிறுத்தாமலேயே கையை அசைத்து மாமாவின் மகளான அக்காவைப் பால் கறக்கப் போகச் சொல்லும்.

சாப்பாட்டை நினைத்துத்தான் அவள் பயந்திருந்தாள். அவள் வீட்டில் ஞாயிறு என்றால் மீன், மாதத்தில் இரண்டு முறை ஆட்டுக்கறி. இங்கே முருங்கைக்கீரை, பீர்க்கங்காய்க் கூட்டு, துவரம்பருப்பு, மோர்க் கஞ்சி. இரண்டாம் நாளே நாக்கு செத்துப்போனது போலிருந்தது. நாலாம் நாள் மிளகின் காரம் பழகி, அது எந்த நேரத்தில் தொண்டையில் ஏறும் என்று முன்கூட்டியே தெரிய ஆரம்பித்தது.

அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது இன்னொன்று. உலை வைக்கும் முன் ஆயா அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடும். பிறகு உலையில் போடுவதற்கு மறுபடியும் ஒரு பிடி கூடுதலாக எடுக்கும். பானையில் விழுந்தது வாரக் கடைசியில் சாலைக்குப் போகும். உலையில் விழுந்தது, யார் என்று தெரியாத ஒருவருக்கு. "யாரு ஆயா வரப்போறாங்க?" "தெரியலியே." "வரலன்னா?" "மாடு இருக்கு, காக்கா இருக்கு." பத்து நாளில் நான்கு நாள் உண்மையாகவே யாரோ வந்தார்கள். வளையல்காரர், வழி தவறிய இரண்டு யாத்ரீகர்கள், ஒரு முறை அம்மி கொத்துகிறவர், இன்னொரு முறை ஏன் வந்தார் என்றே சொல்லாத ஒரு முதியவர். எல்லோருக்கும் வீட்டு ஆட்களோடு ஒரே வரிசையில் இலை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை ஆயா ஒரு மத்தியானம் முந்திரிக்கொட்டை பிரித்துக்கொண்டே சொன்னது. ஆயாவின் ஆயா குழந்தையாக இருந்தபோது தாது வருஷப் பஞ்சம். 1876இல் தொடங்கி இரண்டு ஆண்டுகள் சென்னை மாகாணத்தையே சூறையாடிய பஞ்சம் அது. குடும்பத்தில் ஒன்பது பேர், நடந்து வடலூர் வந்து சேர்ந்தவர்கள் மூன்று பேர். "அந்த அடுப்புக் கஞ்சியில பொழச்ச உசுரு பாப்பா நாங்க. கடன் அது. பிடி அரிசின்னு சொல்றது பேருக்கு." பேசிக்கொண்டே, அவள் கைகளுக்குச் சாம்பலைப் பூசிவிட்டது. முந்திரி ஓட்டுப் பால் பட்டால் தோல் வெந்துவிடும். பூசியும் இரண்டு விரல் நுனி வெந்து உரிந்தது. அந்த நிறமாற்றத்தை அவள் பள்ளி திறந்த பிறகும் தோழிகளிடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஆயா நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. ஆனால் தாத்தாவைக் காணோம். மூன்றாம் நாள் கேட்டேவிட்டாள்: "தாத்தா வெளியூரா?" ஆயா தோப்பைக் காட்டியது. ஒரு முந்திரி மரத்தடியில் சின்ன மேடு, மேலே மாடவிளக்கு. இறந்து பதினான்கு வருடம். எரிக்கவில்லை, அடக்கம்தான். கருமாதியும் இல்லை, வந்தவர்களுக்குச் சோறு மட்டும். கணவன் இறந்தால் மனைவி தாலி வாங்க வேண்டாம் என்று வள்ளலார் 1871லேயே சன்மார்க்கிகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அவள் தெருவில் ஒரு பெரியம்மாவுக்கு அந்த வருடம்தான் அது நடந்திருந்தது. ஒப்பாரியும் உடைந்த வளையலும் நினைவுக்கு வர, ஆயாவின் மஞ்சள் கயிற்றையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கெல்லாம் அந்த வீடு விலை கொடுத்துக்கொண்டிருந்தது என்பது பெரியவளான பிறகுதான் அவளுக்கு விளங்கியது. அக்காவுக்கு இருபத்திநாலு வயது, பெண் கேட்டு யாரும் வரவில்லை. "எல்லாரோடயும் ஒண்ணா குந்தி தின்ற வூடு" என்று சொந்தத்திலேயே ஒதுக்கினார்கள். பட்டுப்புழுவைக் கொதிக்கவைத்து எடுக்கும் நூல் என்பதால் கல்யாணத்துக்கும் பட்டு கிடையாது. அதைக் கஞ்சத்தனம் என்று ஊர் பேசியது. சன்மார்க்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் சோதியையும் சோற்றையும் எழுதுகிறார்கள், அக்கா திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த வருடங்களை எழுதுவதில்லை.

பத்தாவது படிக்கும் அண்ணன் ஒருவன் இருந்தான். நெய்வேலிக்கு சினிமாவுக்குப் போகும்போதெல்லாம் டீக்கடையில் ஆம்லெட் சாப்பிடுவதாக அவளிடம் ரகசியம் சொல்லி, சத்தியம் வாங்கிக்கொண்டான். அவள் காப்பாற்றினாள். அதற்கு அவசியமே இருந்திருக்கவில்லை. ஒரு சாயங்காலம் அவன் சைக்கிளை எடுத்தபோது ஆயா உள்ளேயிருந்து கத்தியது: "டேய், முட்டை தின்னா கையையாவது நல்லாக் கழுவிட்டு வா. கன்னுக்குட்டி மோந்து பாத்து மூஞ்சிய திருப்புது."

வீட்டில் மின்சாரம் இருந்தது, இரண்டு வருடம் முன்னால்தான் வந்திருந்தது. இரண்டே பல்பு: கூடத்தில் ஒன்று, கொட்டகையில் ஒன்று. விளக்கு வைத்திருந்த உள்ளறைக்கு மட்டும் ஒயர் இழுக்க ஆயா விடவில்லை. அங்கே கண்ணாடிக்குள் எண்ணெய் விளக்கு, இரவும் பகலும். மின்சாரம் பாவம் என்பதெல்லாம் இல்லை. "சுவிச்சுல எரியிறது எரிஞ்சிட்டே இருக்கும், நமக்கு என்ன வேலை? இது நாம பாத்தாத்தான் எரியும்." ஒன்பது மணிக்குக் கூடத்து பல்பை அணைத்துவிடுவார்கள். தெருவிளக்கு விடிய விடிய எரியும் ஊரில் வளர்ந்தவள், இருட்டு என்றால் இவ்வளவு கறுப்பு என்று அங்கேதான் தெரிந்துகொண்டாள்.

அந்த இருட்டில்தான் நெய்வேலியையும் முதன்முதலாக வெளியிலிருந்து பார்த்தாள். திண்ணையில் படுத்தால் வடமேற்கே அடிவானத்தில் ஆரஞ்சு நிற மூட்டம். சுரங்கத்தில் மூன்று ஷிப்டும் வேலை, மண்ணைச் சக்கரமாய்ச் சுழன்று வெட்டும் ராட்சத ஜெர்மன் இயந்திரங்களுக்கு ராத்திரி என்பதே இல்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போட்டபோது கறுப்பாய் ஏதோ வந்தது. அதிலிருந்து பிறந்த ஊர் அது. 1956இல் நிறுவனம், 1957 மே மாதம் நேரு வந்து தொடக்கிவைத்த சுரங்கம், 1961இல் கண்ணில் பட்ட நிலக்கரி, 1962இல் சோவியத் உதவியுடன் முதல் மின்சாரம். ஆயாவின் அண்ணன் குடும்பம் அந்தச் சுரங்கத்துக்காக வீட்டையும் கொல்லையையும் கொடுத்துவிட்டு வேறிடம் போனது. "அது உங்கப்பன் ஊரு" என்று ஆயா அந்த மூட்டத்தைக் காட்டிச் சொன்னபோது குரலில் கோபமும் இல்லை, பெருமையும் இல்லை.

முப்பத்தேழு வருடம் கழித்து, 2014 இலையுதிர் காலத்தில், அவள் பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் மாவட்டத்தின் ஒரு பண்ணை வீட்டில் சாப்பாட்டு மேஜைக்கு முன் உட்கார்ந்திருந்தாள். மகள் அங்கே மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். விருந்தினருக்கு வீட்டில் சமைத்துப் போடும் ஆமிஷ் குடும்பம் ஒன்றைக் கண்டுபிடித்து அழைத்துப் போனவள் மகள்தான். "குதிரை வண்டி, மண்ணெண்ணெய் விளக்கு, மியூசியம் மாதிரி இருக்கும்மா" என்றாள் காரில்.

மியூசியம் இல்லை. கொடியில் நீலமும் ஊதாவுமாக அளவு வாரியாகத் துணி காய்ந்தது. சமையலறையில் சக்கரம் வைத்த மரப்பெட்டிக்குள் கேஸ் சிலிண்டர், அதன் தலையில் விளக்கு. அறைக்கு அறை தள்ளிக்கொண்டு போகலாம். குளிர்சாதனப் பெட்டி இருந்தது, கேஸில் ஓடியது. தையல் மிஷின் மிதி மிஷின். தொலைபேசியும் உண்டு, ஆனால் வீட்டுக்குள் இல்லை. வயலோரத்தில் ஒரு சிறு கொட்டகைக்குள், நடந்து போய்ப் பேச வேண்டும். வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று இல்லாமல் இப்படி நடுவில் ஒரு கோடு கிழித்திருந்தது மகளுக்கு வேடிக்கையாக இருந்தது. அவளுக்கு, ஒயர் போகாத அந்த உள்ளறை நினைவுக்கு வந்தது.

1693 வாக்கில் ஐரோப்பாவில் யாக்கோப் அம்மான் என்பவர் கறாராகப் பிரித்துக்கொண்டு போன கிறிஸ்தவக் கூட்டத்தின் வழி வந்தவர்கள் ஆமிஷ்கள். ஐரோப்பாவில் அந்தப் பெயரில் சபை எதுவும் மிஞ்சவில்லை, வட அமெரிக்காவில் இன்று மூன்று லட்சத்துக்கு மேல். அவர்களுக்குத் தனிக் கோயில் கிடையாது, ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் வழிபாடு. எந்தக் கருவியை ஏற்கலாம், எதைத் தள்ளலாம் என்பதை ஒவ்வொரு சிறு சபையும் கூடிப் பேசி முடிவுசெய்கிறது. பொதுக் கம்பியில் வரும் மின்சாரத்தைத் தள்ளியது, வீடு ஊரின் கம்பியில் தொங்கக் கூடாது என்பதற்காக. கார் வேண்டாம் என்றது, ஒருவரையொருவர் விட்டுத் தூரமாகப் போய்விடுவார்கள் என்பதற்காக. எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தும் வழக்கம் வழக்காகி, 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் அவர்கள் பக்கம் தீர்ந்தது. அந்தத் தீர்ப்பை அவளால் முழு மனதோடு ஏற்க முடியவில்லை. டவுன்ஷிப் பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் அவள் ஏது, பென்சில்வேனியாவில் படிக்கும் மகள் ஏது?

சாப்பிடும் முன் எல்லோரும் தலை குனிந்தார்கள். சத்தமாக ஜெபம் இல்லை, அரை நிமிட மௌனம். பிறகு கோழி, மசித்த உருளைக்கிழங்கு, நூடுல்ஸ், கடைசியில் கரும்புப் பாகு ஊற்றிச் சுட்ட ஒரு பண்டம். வீட்டுக்காரர் தாடியைத் தடவிக்கொண்டே எந்த ஊர் என்று விசாரித்தார். மகள் முந்திக்கொண்டு, "அம்மா ஊரில் கரண்ட் தயாரிக்கிறார்கள், தென்னிந்தியா முழுக்கப் போகிறது" என்றாள். மேஜையைச் சுற்றி ஒரு சிரிப்பு. "அப்போ உங்கள் ஊரில் எல்லோரும் ராத்திரி விழித்திருப்பீர்களோ?" என்று கேட்டார் அவர். ஆமாம், ஷிப்ட் போட்டு விழித்திருப்போம் என்றாள் அவள்.

அந்த வீட்டிலும் வெளியுலகத்தை எட்டிப்பார்க்கும் வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஞானஸ்நானம் பெறும்வரை இளையவர்களை அவ்வளவாக நெருக்குவதில்லை என்று பிறகு படித்தாள். பெற்ற பிறகு விலகினால் ஒதுக்கிவைப்பு உண்டு. முட்டை தின்றவனைக் கை கழுவச் சொன்னதோடு விட்ட ஆயா, இந்த விஷயத்தில் அம்மானைவிட ஒரு படி மேல் என்று அவளுக்குத் தோன்றியது. ஆமிஷ் வீட்டில் எந்தப் பொருளையும் நிறுத்துப் பார்க்கும் தராசு, அது வந்தால் நாம் பிரிந்துவிடுவோமா என்பது. சாலைக்கார வீட்டுத் தராசு வேறு. டிரான்சிஸ்டர் வாங்கலாமா என்று மாமா கேட்டபோது ஆயா திருப்பிக் கேட்டது: "இதால எந்த உசுருக்காவது வலிக்குமா? யாராவது பட்டினி கெடக்கணுமா?" இல்லை என்றதும், "அப்ப வாங்கு. மாட்டுக்குத் தவிடு வாங்குன மிச்சத்துல வாங்கு."

1977இல், அந்தப் பத்து நாளுக்குள் வைகாசி 11 வந்தது, தருமச்சாலையின் 110ஆம் ஆண்டு. மாட்டு வண்டியில் பானை அரிசியோடு அவளும் போனாள். பெருவெளி எனப்படும் திறந்த திடலைக் கடந்து முதலில் ஞானசபை. கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என்று ஏழு நிறத் திரைகள் அங்கே உண்டு, தைப்பூசத்தன்றுதான் ஏழும் விலகும், மாதப் பூசத்தில் ஆறு என்று அண்ணன் ஒப்பித்தான். வாசலில் ஆயா அவள் கையைப் பிடித்து நிறுத்தியது. உயிர்க்கொலையும் புலால் உணவும் விட்டவர்கள்தான் உள்ளே வரலாம் என்று அங்கே எழுதியிருந்தது.

"பாப்பா, நீ கவிச்சி சாப்புடுற புள்ள. இங்க நின்னே கும்புட்டுக்க."

"ஏழு நாளா சாப்புடலியே ஆயா."

"வுட்டுட்டியா, இல்ல கெடைக்கலியா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆயா நம்பியும் இருக்கும். அவள் பேசாமல் வெளியே நின்றாள். கன்னம் சுட்டது. வீட்டில் வெந்நீர் கொடுத்து, கரிசலாங்கண்ணி கொடுத்து, தன் பாயில் படுக்கவைத்த கிழவி இப்படி வாசலில் நிறுத்திவிட்டதே என்று அழுகை முட்டியது.

அங்கிருந்து சாலைக்கு நடந்தார்கள். அங்கே வாசலில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நீளப் பந்தி. அவளுக்கு இடப்பக்கம் வந்து உட்கார்ந்த அம்மாள் கடலூர்ப் பக்கத்திலிருந்து மீன் விற்க வந்தவர். கூடையை வெளியே வைத்துவிட்டு வந்திருந்தார், புடவையில் கவிச்சி வீசியது. யாரும் எதுவும் கேட்கவில்லை. சோறு, சாம்பார், மறுசோறு. அவள் பக்கத்து இலையையும் ஆயாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அங்க கேட்டாங்க. இங்க ஏன் ஆயா கேக்கல?"

"பசிச்சவங்கள நிக்கவச்சி கேள்வி கேட்டா சோறு ஆறிப்போவும். தின்னு."

அடுப்பைக் காட்டச் சொல்லி நச்சரித்தாள். அப்பாவிடம் சொல்ல வேண்டுமே. பாதி ஆள் உயரத்துக்குப் பாத்திரங்கள், அடியில் கட்டை கட்டையாக விறகு, மூஞ்சியில் அறையும் அனல். ஒருவர் துடுப்பு மாதிரி கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார். "நூத்திப் பத்து வருசமா?" என்று கேட்டாள். அவர் திரும்பாமலே, "எனக்கு முன்னாடி என் பெரியப்பா" என்றார்.

அம்மா தேறி வீட்டுக்கு வந்தாள். அப்பா வந்து கூட்டிப்போனார். முதல் ஞாயிறே மீன் குழம்பு வைத்தார்கள், அவள் இரண்டு துண்டு வாங்கிச் சாப்பிட்டாள். இன்றும் சாப்பிடுகிறாள். அவள் அந்த வீட்டிலிருந்து மதம் மாறி வரவில்லை. ஆனால் நெய்வேலியின் லெக்கோ கரி கனன்ற அம்மாவின் அடுப்பில் உலை வைக்கும்போது, ஒரு பிடி கூடப் போடச் சொல்லி அடம்பிடித்தாள். "யாரு வரப்போறா?" என்று அம்மா கேட்டாள். மீந்த சோறு பழையதானது. டவுன்ஷிப்பில் பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டி யாரும் வருவதில்லை.

ஆயா 1980களில் போய்ச் சேர்ந்தது. தோப்பில் இரண்டாவது மேடு. அக்காவுக்கு முப்பதாவது வயதில் இன்னொரு சன்மார்க்கக் குடும்பத்தில் கல்யாணம் நடந்தது, பருத்திப் புடவையில். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையேறி, தலைமுறை கண்ட முந்திரி மரங்களை வேரோடு சாய்த்தது. கம்பங்கள் விழுந்து, ஊர்கள் வாரக்கணக்கில் இருண்டு கிடந்தன. நாலாம் நாள் அவள் போய்ப் பார்த்தபோது தாத்தாவின் மேட்டுக்கு நிழல் தந்த மரம் படுத்துக் கிடந்தது. அதன் கிளைகளை வெட்டி அடுப்பெரித்துக்கொண்டிருந்தார் மாமா. உலை கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. கம்பி இழுக்க வந்த மின்வாரிய ஆட்கள் திண்ணையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

2023 ஜூலையில் வளையமாதேவியில், நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்துக்காகக் கால்வாய் வெட்டும் இயந்திரங்கள் வளர்ந்து நின்ற நெல்லைப் புரட்டிப்போட்ட படங்கள் தொலைக்காட்சியில் ஓடின. அவள் சுரங்கத்துச் சம்பளத்தில் வளர்ந்தவள், படித்தவள். டிரான்சிஸ்டருக்குக் கேட்ட கேள்வியை இதற்கும் ஆயா கேட்டிருக்கும் என்று நினைத்தபோது அவளால் டிவியை அணைக்கத்தான் முடிந்தது.

அதற்கு முன்பே, 2020 செப்டம்பரில், முதல் அனல்மின் நிலையத்தை மூடிவிட்டார்கள். 1962இல் தொடங்கிய நெருப்பு. வயதாகி மெலிந்துபோயிருந்த அப்பா செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் படித்தார். வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கும் பழக்கம் அன்றோடு நின்றது.

2024 தைப்பூசத்துக்கு அவள் வடலூர் போய்வந்தாள். பெருவெளியில் வள்ளலார் சர்வதேச மையம் கட்டுவதா கூடாதா என்ற பேச்சுதான் எங்கும். நிலம் கொடுத்த பார்வதிபுரத்துக்காரர்களின் வாரிசுகள், வெளி வெளியாகவே இருக்கட்டும் என்றார்கள். அடுத்த மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது, வழக்கும் நடந்தது. அவள் வழக்கம்போல ஞானசபை வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு, சாலைக்குப் போய்ப் பந்தியில் சாப்பிட்டாள். வீடு திரும்பியபோது அப்பா ஈஸிசேரில் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றினாள்.

"அடுப்பு எரியுதா?"

"எரியுதுப்பா."

"கேஸா, வெறகா?"

"வெறகுதான்."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "பொக என்ன நெறத்துல போச்சு?"

அவள் அதைப் பார்த்துவரவில்லை.